பெயர் தெரியாத அழைப்புக்கு என் சர்வர் சொன்ன பதில்

உங்கள் மேனேஜர் என்னிடம் கேட்டது வேறு. சர்வர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷம் வெப்சைட் சர்வர்களைப் பராமரித்தவனிடம் அப்படிப்பட்ட கதைகள் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாம் எனக்கு நல்ல பேர் வாங்கித் தந்த கதைகள். அவற்றைப் படித்து நீங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. எனக்கு வந்திருக்க வேண்டிய கெட்ட பேர் ஒன்று வராமல் போனது. அதைத்தான் எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் மேனேஜர் கிழித்துப் போடட்டும்.

செஞ்சி பஜாரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கடையும் ஆபீஸும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடம், ரைஸ் மில், கல்யாண மண்டபம், கிளினிக் எல்லாவற்றுக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். செய்த சைட்டுகளை எல்லாம் வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில் வைத்திருந்தோம். அறுபது சைட் இருக்கும். அந்த சர்வர் என் பொறுப்பு.

ஒரே சர்வரில் அறுபது சைட் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரவுசரிலிருந்து வருகிற ஒவ்வொரு அழைப்பும் தனக்கு எந்த சைட் வேண்டும் என்று பெயர் சொல்லிக்கொண்டு வரும். சர்வர் தன்னிடம் உள்ள, எந்தப் பெயருக்கு எந்த சைட் என்கிற விர்ச்சுவல் ஹோஸ்ட் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி, அதற்குரிய பக்கத்தைக் கொடுக்கும். பட்டியலில் இல்லாத பெயரோடு ஒரு அழைப்பு வந்தால்? அப்படி யாரும் இங்கே இல்லை என்று சர்வர் சொல்லும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சொல்லாது. அப்படிச் சொல்லும்படி நீங்கள் அதற்கு எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால், பட்டியலில் முதலாவதாக இருக்கிற சைட்டைத் திறந்து கையில் கொடுத்துவிடும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்த தப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் ஒரு ரைஸ் மில்காரர் போன் செய்தார். புதிதாக வாங்கிய டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, அவரே ஆசையாகத் திறந்து பார்த்திருக்கிறார். நான் அதை இன்னும் பட்டியலில் சேர்த்திருக்கவில்லை. அவருக்கு வந்தது ஒரு பியூட்டி பார்லரின் கல்யாணப் பெண் அலங்காரப் படங்கள். "இன்னாபா, என் மில்லுல நெல்லுதான் அரைக்கிறேன்" என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே மில் பெயரைச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். பக்கங்களை வடிவமைக்க வந்தவர். மேல்சித்தாமூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், முப்பது வயது இருக்கும். அவருடைய உண்மைப் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லை. விமலா என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் அவர் வேலை இல்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவருக்கும் ஒரு லாகின் கொடுத்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். அன்று மதியம் அவர் என் மேஜைக்கு வந்து, ஏன் பார்லர் சைட் வந்தது என்று தான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னார். பட்டியலின் முதலிடத்தில் காலியாக ஒரு ஹோஸ்டை வைத்து, தெரியாத பெயர் வந்தால் மறுத்து அனுப்பும்படி செய்துவிடலாமா என்று கேட்டார். அவர் சொன்னது அத்தனையும் சரி. பக்கம் வரைகிறவர் வந்து எனக்கு சர்வர் சொல்லித் தருவதா என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. "பாக்கலாம்மா" என்றேன். இந்தத் தொழிலில் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

சில மாதம் கழித்து ஊரில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை லேப் எங்களிடம் வந்தது. ரிப்போர்ட்டை நோயாளிகளே வீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு சைட் கேட்டார்கள். முதலில் சைட்டின் சோதனைப் பிரதி ஒன்றைப் போட்டுக் காட்டினோம். பொய்ப் பெயர்களை வைத்துக் காட்டியது லேப்காரருக்குத் திருப்தி இல்லை. நிஜ லிஸ்டைப் போட்டால்தான் எனக்குப் புரியும் என்றார். நிஜ லிஸ்டையே ஏற்றினேன். பெயர், வயசு, ஊர், என்ன டெஸ்ட், என்ன ரிசல்ட். லாகின் கேட்கிற பகுதி இன்னும் முடியவில்லை. முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். சோதனைப் பிரதிகளின் பெயருக்கு முன்னால் இரண்டு இங்கிலீஷ் 'ஏ' போடுவது என் பழக்கம். என் திரையில் அவை மேலே வந்து நிற்கும், தேட வேண்டாம். மேலே வந்து நின்றது என் திரையில் மட்டும் இல்லை. சர்வரின் பட்டியலிலும் பார்லரைப் பின்னால் தள்ளிவிட்டு லேப் முதலில் வந்து நின்றது.

விமலா இரண்டாம் முறையும் சொன்னார். "சார், இப்ப அதுதான் முதல்ல நிக்குது."

அந்தச் சோதனைப் பெயர் நம் ஆபீஸைத் தாண்டி யாருக்கும் தெரியாது, தெரியாத பெயரை யார் வந்து தட்டப் போகிறார்கள் என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். பெயர் தெரிய வேண்டியதே இல்லை, தப்பான பெயரைச் சொன்னாலே போதும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. எனக்கும் அது புரிந்துதான் இருந்தது.

அடுத்தது பள்ளிக்கூடம். ஊரில் ஒரு தனியார் பள்ளி எங்களை விட்டு வேறு ஊர்க் கம்பெனிக்கு மாறியது. தங்கள் பழைய சைட்டைத் திங்கட்கிழமை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். கைவிட்டுப் போகிறார்களே என்ற எரிச்சலில் நான் சனிக்கிழமை சாயங்காலமே எடுத்துவிட்டேன். அவர்கள் டொமைனை இன்னும் மாற்றவில்லை. அது எங்கள் சர்வரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் ஒன்றாம் வகுப்பு அட்மிஷன் விவரம் வெப்சைட்டில் வரும் என்று பள்ளி சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பள்ளியின் கிளார்க் போன் செய்தார். ஏதோ பேஷண்ட் லிஸ்ட் வருகிறது என்று பேரண்ட்ஸ் சொல்கிறார்களாம். என் போனிலேயே திறந்து பார்த்தேன். லேப் லிஸ்ட். எங்கள் சைட்டுகளில் பாதிக்கு அப்போது முகவரிக்கு முன்னால் வருகிற பாதுகாப்புப் பூட்டுக் குறி கிடையாது, அதனால் பிரவுசர் கூட யாரையும் எச்சரிக்கவில்லை. பள்ளியின் முகவரியைத் தட்டிய ஒவ்வொருவர் கையிலும் ஊர்க்காரர்களின் ரத்தம் விரிந்து கிடந்தது.

அந்த நிமிஷத்தில் என் புத்தி எங்கே போனது என்று கவனியுங்கள். "எவனோ உள்ள பூந்துட்டான்" என்று சத்தமாகச் சொன்னேன். ஏன் அப்படித் தோன்றியது? எவனோ பூந்திருந்தால் தப்பு என்னுடையது இல்லை. உடனே அந்த எவனோவைத் தேட உட்கார்ந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். லேப் பக்கம் திறந்தபடியே இருந்தது.

பத்து மணி பஸ்ஸில் விமலா வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். "சார், இது ஹேக் இல்ல. ஸ்கூல் பேரை எடுத்துட்டீங்க, அதனால முதல்ல இருக்குறது தொறக்குது. முதல்ல மூடுங்க, அப்புறம் தேடுங்க."

"இரும்மா, தடயம் அழிஞ்சிடும்" என்றேன்.

அவர் தன் இடத்துக்குப் போனார். தன்னுடைய லாகினில் உள்ளே நுழைந்து, பல மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததைத் தானே செய்தார். பட்டியலின் முதலிடத்தில் காலியான ஒன்று, தெரியாத பெயருக்கு மறுப்பு. நான் அடுத்த முறை பக்கத்தைப் புதுப்பித்தபோது ஒன்றுமே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் பெற்றவர்கள் அந்த லிஸ்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்களில் போட்டுவிட்டிருந்தார்கள்.

முதலாளி கடையிலிருந்து மேலே ஏறி வந்தார். லேப்காரர் அவருக்குப் போன் செய்து கத்தியிருக்கிறார். என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "நம்ம தப்புன்னு தெரிஞ்சா அறுபது கஸ்டமரும் போயிடுவாங்க. ஹேக் பண்ணிட்டாங்கன்னு லேபுக்கும் ஸ்கூலுக்கும் லெட்டர் எழுது" என்றார். எழுதினேன். வெளியிலிருந்து அடையாளம் தெரியாத நபர்கள் சர்வருக்குள் ஊடுருவி என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம். அவ்வளவு நல்ல தமிழ் அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதியதில்லை. விமலா படித்துப் பார்த்துவிட்டு, "இது நடக்கலையே சார்" என்று மட்டும் சொன்னார்.

ஹேக் என்று எழுதினால் அதோடு முடிந்துவிடும் என்று நானும் முதலாளியும் நினைத்தோம். உங்களுக்கு என்றைக்காவது இந்த வார்த்தையை எழுதக் கை வந்தால் நினைத்துக்கொள்ளுங்கள்: ஊடுருவல் என்று எழுதிவிட்டால், ஊடுருவியவன் ஒருவன் வேண்டும். லேப்காரர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார். அவர் செய்ததில் தப்பே இல்லை.

ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் அன்று காலை சர்வருக்குள் யார் யார் போனார்கள் என்று கேட்டார்கள். பதிவில் இரண்டே பெயர். ஒன்று என்னுடையது, நான் எதையும் மாற்றவில்லை, பார்த்ததோடு சரி. இன்னொன்று விமலாவுடையது. மாற்றியது யார் என்று கேட்டார்கள். "அவங்கதான்" என்றேன். பொய் சொல்லவில்லை. எதற்காக மாற்றினார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மூன்று நாள் அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் அனுப்புவார்கள். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பறிக்கிற நேரம். அவருடைய நைனா கொல்லைக்காட்டில் கூலி ஆளை விட்டுவிட்டு மேல்சித்தாமூரிலிருந்து வந்து, மகள் கூடவே அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் விமலா ஆபீஸ் படியேறி வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு நீங்க வந்து நடந்ததைச் சொல்லுங்க சார். நான் மூடத்தான் உள்ள போனேன்னு உங்களுக்குத் தெரியும்."

"முதலாளியக் கேட்டுட்டு வரேம்மா."

"அவர எதுக்கு சார் கேக்கணும்? பாத்தது நீங்கதானே."

மூன்றாம் நாள் நான் போகவில்லை. விழுப்புரத்திலிருந்து ஒரு சைபர் அதிகாரி வந்து சர்வரைப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர். யாரும் உள்ளே நுழையவில்லை, உள்ளேயிருந்தே திறந்து கிடந்திருக்கிறது, இந்தப் பொண்ணு அதை மூடியிருக்கு என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார். ஏன் திறந்து கிடந்தது என்று என்னைக் கேட்டார். பழைய செட்டிங் என்றேன். யார் வைத்த பழைய செட்டிங் என்று அவர் கேட்கவில்லை. விமலாவைப் போகச் சொன்னார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் அவருடைய நைனா வந்து விமலாவிடம் இருந்த ஆபீஸ் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். விமலா அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

எனக்கு வேலை போகவில்லை. அடுத்த வருஷம் முதலாளி சம்பளம்கூட ஏற்றினார். விமலா எழுதி வைத்த அந்தக் காலி ஹோஸ்ட் அதே சர்வரில் காவல் காத்துக்கொண்டிருந்தது. புது ஆட்கள் சேரும்போது அதை நான் செய்தது மாதிரி விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவுதான் என்றால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த லிஸ்டில் அதே பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர் பெயர் இருந்தது. அவருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் எடுக்கிற மாதிரி சில டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள், அதில் எச்.ஐ.வி. டெஸ்டும் ஒன்று. ரிசல்ட் நெகட்டிவ். ஆனால் லிஸ்டை நான் போன் திரைக்குப் பொருந்துகிற மாதிரி செய்யவில்லை. போனில் பார்த்தால் நாலு கட்டம்தான் தெரியும்: பெயர், வயசு, ஊர், டெஸ்ட். ஐந்தாவது கட்டமான ரிசல்ட் திரைக்கு வெளியே போய்விடும். எல்லோரும் போனில்தான் பார்த்தார்கள். பிடித்த படங்களும் நாலு கட்டம்தான்.

அந்த வாரமே பெற்றவர்கள் சிலர் குழந்தையை வேறு செக்‌ஷனுக்கு மாற்றச் சொன்னார்கள். பள்ளி நிர்வாகம் டீச்சரைக் கொஞ்ச நாள் லீவில் இருக்கச் சொன்னது. ஆபரேஷன் முடிந்து அவர் திரும்பி வந்தபோது அவர் வகுப்பில் வேறு டீச்சர் இருந்தார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இரண்டு பேர் அவரைப் பற்றி என் காதுபடப் பேசினார்கள். கையில் கிளாஸோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஐந்தாவது கட்டத்தில் என்ன இருந்தது என்று அந்தக் கடையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சொல்லவில்லை. இன்னொன்றும் தோன்றுகிறது: அது பாசிட்டிவாகவே இருந்திருந்தாலும், அது அந்த அம்மாவுக்கும் அவருடைய டாக்டருக்கும் மட்டும் உரிய விஷயம். அதை ஊர் பேசியது என்னால்தான்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். வீட்டில் உட்கார்ந்த முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மேல்சித்தாமூருக்குப் பஸ் ஏறினேன். விமலா இப்போது வீட்டிலிருந்தே ஏதோ ஒரு பெரிய கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் இறங்கி வந்தார். அவருடைய நைனா என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். டீச்சர் விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். விமலா ஒன்றுதான் கேட்டார்.

"அந்த டீச்சர்கிட்ட போனீங்களா?"

இல்லை என்றேன்.

"எனக்கு என் மேல தப்பில்லன்னு அன்னைக்கே தெரியும் சார். அவங்களுக்கு இன்னா நடந்துச்சுன்னே தெரியாது."

மோர் கொடுத்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டீச்சர் சீயமங்கலத்தில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே அண்ணன் வீட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. சாயங்காலத்தில் குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். நான் போனபோது வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். யாரோ அட்மிஷன் கேட்டு வந்த தாத்தா என்று நினைத்து உட்காரச் சொன்னார். நான் யார் என்று சொன்னேன். கையிலிருந்த பாயை அப்படியே சுவரில் சாய்த்து வைத்தார்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர், "யாரோ ஹேக் பண்ணதா ஸ்கூல்ல சொன்னாங்களே" என்றார்.

"இல்லைங்கம்மா. யாரும் பண்ணல. நான் செய்யாம விட்டதுதான்."

"அதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

எதிர் வீட்டில் யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். இப்போது சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். என் பெயர், என் வேலை, நான் எடுத்த சைட், நான் ஏற்றிய லிஸ்ட், நான் வைக்காமல் விட்டது, என்னை இரண்டு முறை எச்சரித்தவர் ஒருவர் இருந்தார் என்பது. ஹேக் என்ற கடிதத்தை எழுதியதும் நான்தான் என்பது. ரிசல்ட் நெகட்டிவ் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றார். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் அந்தத் தாளைக் கிழித்து எடுத்து, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி, இரண்டு முறை படித்தார். நாலாக மடித்தார்.

"இதை இப்ப நான் யாருகிட்ட சார் காட்டுறது?" என்றார்.

தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.